ஜமீன் வீட்டில் செங்கொடி

குமாரமங்கலத்துப் பிள்ளைகள் சீமையில் படித்தார்கள். அண்ணன் தளபதி ஆனார். தம்பியும் தங்கையும் கம்யூனிஸ்டுகள் ஆனார்கள்!

1957-ம் ஆண்டு. டெல்லி பார்லிமெண்டு. காங்கிரஸ் வரிசையில் ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு வயது 67. திருச்செங்கோடு தொகுதியில் ஜெயித்து வந்தவர்.

எதிர்க்கட்சி வரிசையில், கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் நடுவே, ஒரு பெண்மணி இருந்தார். அவருக்கு வயது 38. கோவை தொகுதியில் ஜெயித்து வந்தவர்.

பெரியவர் பெயர் டாக்டர் ப. சுப்பராயன். பெண்மணியின் பெயர் பார்வதி கிருஷ்ணன். பெரியவர் தந்தை. பெண்மணி அவர் பெற்ற மகள்!

தந்தை ஜமீன்தார். மகள் தொழிலாளர் தலைவி. ஒரே வீட்டில் இந்த இரண்டு வழிகளும் எப்படிப் பிறந்தன?

மானம் பார்த்த பூமி

திருச்செங்கோட்டை அடுத்த ஊர் குமாரமங்கலம். அந்தக் காலத்தில் அது சேலம் ஜில்லா. 1997 முதல் நாமக்கல் மாவட்டம்.

இந்தச் சமவெளி பெரும்பாலும் மானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பு, சோளம், நிலக்கடலை. கிணறு உள்ளவர்கள் அந்தக் காலத்தில் மாடு பூட்டி, கவலை இறைத்து, கொஞ்சம் தோட்டப் பயிர் செய்தார்கள். மற்ற இடங்களில் பனை மரமும் ஆட்டுப் பட்டியும்தான்.

நிலம் வறண்டது. ஆனால் அந்த நிலத்தின் மேல் ஓர் உயரமான ஏணி நின்றது. ஏணியின் உச்சியில் ஜமீன்தார். குடியானவர்கள் அவருக்கு வரி கட்டினார்கள். அவர் சர்க்காருக்குக் கட்டினார். குடியானவருக்குக் கீழே பண்ணையாள். வருடக் கூலியாகத் தானியம் வாங்கிக்கொண்டு உழைப்பவர். எல்லோருக்கும் கீழே சேரி மக்கள். அவர்களுக்கு ஊர்க் கிணற்றில் தண்ணீர் இல்லை. கோவிலுக்குள் இடம் இல்லை.

இந்த ஏணியின் உச்சியில் பிறந்தவர்தான் சுப்பராயன். பிறந்த ஆண்டு 1889. சென்னையில் படித்தார். பிறகு இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டில் படித்தார். பாரிஸ்டர் ஆனார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தார்.

மங்களூர் மருமகள்

சுப்பராயன் கொங்கு வேளாளக் கவுண்டர். அவர் மணந்ததோ வேறு ஜாதிப் பெண்ணை. மணமகள் பெயர் ராதாபாய். மங்களூர்க்காரர். அவர் தந்தை குத்முல் ரங்கராவ் சாரஸ்வத பிராமணர்.

இந்த ரங்கராவ் யார் தெரியுமா? தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் திறந்தவர். 1897-ல் அவர்களுக்காக ஒரு சங்கமே அமைத்தார். சொந்த ஜாதிக்காரர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். அவர் அசையவில்லை.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. தாம் படிக்க வைத்த பிள்ளை பெரிய உத்தியோகத்துக்கு வர வேண்டும். மோட்டார் காரில் போக வேண்டும். அந்தக் கார் கிளப்பும் தூசு தம் தலையில் பட வேண்டும். அதுதான் ஆசை!

ராதாபாயும் தந்தைக்கு ஏற்ற மகள். 1930-ல் லண்டனில் முதல் வட்டமேஜை மாநாடு நடந்தது. இந்தியப் பெண்கள் சார்பில் அதற்குச் சென்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் பேகம் ஷா நவாஸ். மற்றவர் ராதாபாய் சுப்பராயன். 1938-ல் டெல்லி மேல்-சபையின் முதல் பெண் உறுப்பினரும் ஆனார்.

ஆகவே குமாரமங்கலம் பிள்ளைகளின் வீட்டில் இரண்டு காற்று வீசியது. ஒன்று ஜமீன் அதிகாரம். இன்னொன்று, ஜாதியை மீறிய தாத்தாவின் துணிவு.

பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவர் பரமசிவ பிரபாகர். அடுத்தவர் கோபால். மூன்றாமவர் மோகன். கடைக்குட்டி பார்வதி. மகன்கள் மூவரும் ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். குமாரமங்கலம் என்ற சிற்றூரின் பெயர் கடல் கடந்து போனது அப்படித்தான்.

ஆற்றங்கரைச் சிறு நகரம்

மூத்தவரும் மோகனும் படித்த பள்ளிக்கூடம் ஈட்டன். ஈட்டன் ஒரு சிறு நகரம். லண்டனுக்கு மேற்கே சுமார் 20 மைல் தூரம். தேம்ஸ் ஆற்றின் ஒரு கரையில் ஈட்டன். எதிர்க்கரையில் அரசரின் விண்ட்சர் கோட்டை.

1440-ம் ஆண்டில் ஆறாம் ஹென்றி என்ற அரசர் இந்தப் பள்ளியைத் தொடங்கினார். எதற்காக? ஏழைப் பிள்ளைகள் 70 பேர் இலவசமாகப் படிப்பதற்காக! நாளடைவில் பிரபுக்களின் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஏழைக்காகத் தொடங்கிய பள்ளி, இங்கிலாந்திலேயே பெரிய பணக்காரர்களின் பள்ளி ஆயிற்று. இதுவரை 20 பிரிட்டிஷ் பிரதமர்கள் அங்கே படித்தவர்கள்.

அந்த 70 இடங்கள் மட்டும் தொடர்ந்தன. பரீட்சையில் தேறி அந்த இடத்தைப் பிடித்தவர்கள் பள்ளிக்கு உள்ளேயே தங்குவார்கள். மேலே ஒரு கறுப்பு அங்கி போடுவார்கள். பணம் கட்டிப் படிப்பவர்கள் நகரத்தில் உள்ள விடுதிகளில் தங்குவார்கள். இவன் புத்தியால் வந்தவன், அவன் பணத்தால் வந்தவன் என்று உடையே சொல்லிவிடும்.

பள்ளி மாணவர்களுக்கு வால் வைத்த கறுப்புக் கோட்டு. அந்தக் காலத்தில் தலையில் உயரமான தொப்பியும் இருந்தது. அதே தெருவில் கடைப் பையன்களும் எடுபிடிச் சிறுவர்களும் சாதாரண உடையில் போவார்கள். வயது ஒன்றுதான். தெரு ஒன்றுதான். வாழ்வு வேறு.

கூப்பிட்ட குரலுக்கு ஓட்டம்

பள்ளிக்கு உள்ளேயும் ஓர் ஏணி உண்டு. சிறிய மாணவர்கள் பெரிய மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்ய வேண்டும். டீ போட வேண்டும். ரொட்டி சுட வேண்டும். கடிதம் கொண்டு போக வேண்டும். பெரிய மாணவன் தன் அறை வாசலில் நின்று, "பையா!" என்று நீட்டிக் கூப்பிடுவான். சிறுவர்கள் எல்லோரும் விழுந்தடித்து ஓட வேண்டும். கடைசியாக வந்து சேருகிறவன் தலையில் அந்த வேலை விழும். பிரபு மகனுக்கும் அதே விதி. ஜமீன்தார் மகனுக்கும் அதே விதி.

குமாரமங்கலத்தில் பண்ணையாட்கள் கூப்பிட்ட குரலுக்கு ஓடினார்கள். ஈட்டனில் ஜமீன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த ஓட்டம் வந்தது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஈட்டன் சிறுவன் மூன்று நான்கு ஆண்டில் வளர்ந்துவிடுவான். பிறகு அவன் கூப்பிடுவான், மற்றவர்கள் ஓடுவார்கள். பண்ணையாளுக்கு அந்த நாள் வராது. தலை நரைத்த பிறகும் அவர் சின்னப் பண்ணையாருக்கு ஓட வேண்டியதுதான்.

பிற்காலத்தில் இந்த எடுபிடி முறை ஈட்டனில் ஒழிக்கப்பட்டது.

அதே பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவில் பிறந்த ஓர் ஆங்கிலச் சிறுவன் படித்தான். பீகாரில் மோத்திஹாரி என்ற ஊரில் 1903-ல் பிறந்தவன். பணக்காரன் அல்ல. அந்த 70 இடங்களில் ஒன்றைப் பிடித்து வந்தவன். பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளன். 1937-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் இங்கிலாந்தையே உலுக்கியது. பணக்காரப் பள்ளியில் படித்தவர்கள் ஏழைகள் பக்கம் திரும்புவது அந்தக் காலத்தில் நடந்த ஒன்றுதான்.

கோவில் கதவும் வைசிராயும்

மோகன் பள்ளிச் சிறுவனாக இருந்த காலத்தில் இங்கே தந்தை ஒரு காரியம் செய்தார். தாழ்த்தப்பட்டவர்கள் கோவிலுக்குள் செல்ல வழி செய்யும் மசோதா ஒன்றை 1932-ல் சென்னைச் சட்டசபைக்குக் கொண்டு வந்தார். அதை எடுத்துக்கொள்ள வைசிராயின் அனுமதி வேண்டும். 1933 ஜனவரியில் வைசிராய் அனுமதி மறுத்துவிட்டார். மசோதா நின்றுபோனது.

ஜமீன்தாராகவே இருந்துகொண்டு, சட்டத்தின் மூலம் ஏணியின் கீழ்ப்படியை உயர்த்தலாம் என்பது சுப்பராயன் வழி. பிள்ளைகளில் இருவருக்கு அந்த வேகம் போதவில்லை.

பசித்தவர்கள் நடந்தார்கள்

ஈட்டனை முடித்து மோகன் கேம்பிரிட்ஜ் சென்றார். சேர்ந்த கல்லூரி கிங்ஸ் காலேஜ். அதுவும் ஆறாம் ஹென்றி அரசர் தொடங்கியதுதான்.

அப்போது இங்கிலாந்து எப்படி இருந்தது? 1933 தொடக்கத்தில் அங்கே வேலை இல்லாதவர்கள் சுமார் 30 லட்சம் பேர். கப்பல் கட்டும் தளங்கள் மூடிக் கிடந்தன. உதவிப் பணம் கேட்டால், அதிகாரி வீட்டுக்கே வந்து யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று துருவிப் பார்ப்பார்.

வடக்கே ஜாரோ என்று ஒரு சிறு நகரம். கப்பல் தளம் மூடியதும் ஊரே வேலை இழந்தது. 1936 அக்டோபரில் அந்த ஊரைச் சேர்ந்த சுமார் 200 பேர் லண்டனுக்கு நடந்தார்கள். தூரம் 280 மைல். "எங்களுக்கு வேலை கொடுங்கள்" என்று கேட்கத்தான் நடந்தார்கள். மாத முடிவில் லண்டன் சேர்ந்தார்கள். கையில் ஒன்றும் கிடைக்காமல் ஊர் திரும்பினார்கள்.

உலகத்தையே ஆண்ட நாட்டில் வெள்ளைக்காரன் பசியோடு நடந்தான்! இந்தியாவில் இருந்து வந்த மாணவர்களுக்கு இது புதிய காட்சி. வெள்ளைக்காரன் என்றால் துரை என்றுதான் இந்தியாவில் தெரியும். துரைக்குள்ளேயும் மேல் கீழ் உண்டு என்பது சீமையில்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பலர் அப்போது கம்யூனிஸ்டுகள் ஆனார்கள். சிலர் ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போருக்குப் போய் உயிரையே கொடுத்தார்கள். மோகனும் கம்யூனிஸ்டு ஆனார். 1938-ல் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் மந்திரிகள் பலர் பேசிப் பழகிய மேடை அது. அந்த நாற்காலியில் சேலம் ஜில்லா ஜமீன் வாரிசு அமர்ந்தார்.

ஆக்ஸ்போர்டில் படித்த தங்கை பார்வதியும் அதே வழிக்கு வந்தார்.

அண்ணனுக்கு ஒரு சிறை, தம்பிக்கு ஒரு சிறை

மூத்தவர் பரமசிவ பிரபாகர் வேறு வழியில் போனார். ஈட்டனுக்குப் பிறகு உல்விச் ராணுவப் பள்ளி. 1933-ல் பீரங்கிப் படை அதிகாரி. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மானியப் படையை எதிர்த்து நின்றார். வீரத்துக்குப் பதக்கம் பெற்றார். எதிரியிடம் பிடிபட்டார். இத்தாலியச் சிறை முகாமில் இருந்து தப்பினார். மறுபடியும் பிடிபட்டார். ஜெர்மனியில் கடுங்காவல் முகாமில் அடைக்கப்பட்டார்.

மோகன் 1939-ல் தாயகம் திரும்பினார். பாரிஸ்டர் படிப்பு இருந்தது. பணம் இருந்தது. பெயர் இருந்தது. கோர்ட்டுக்குப் போயிருந்தால் கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கும். அவர் போனது தடை செய்யப்பட்ட கட்சிக்கு. 1941-ல் சென்னைச் சதி வழக்கில் ராமமூர்த்தி முதலியவர்களுடன் குற்றவாளிக் கூண்டில் நின்றார். சிறை சென்றார்.

அண்ணன் பிரிட்டிஷ் சர்க்காருக்காகப் போரிட்டார். ஹிட்லர் படை அவரைச் சிறை வைத்தது. தம்பி பிரிட்டிஷ் சர்க்காரை எதிர்த்தார். அந்த சர்க்கார் அவரைச் சிறை வைத்தது. படித்த பள்ளி ஒன்றுதான்!

மந்திரி வீட்டில் மாற்றுக் கட்சி

சுதந்திரம் வந்த 1947-ல் சுப்பராயன் சென்னை மந்திரிசபையில் போலீஸ் இலாகாவையும் சட்ட இலாகாவையும் பார்த்தார். கம்யூனிஸ்டுகளுக்கும் சர்க்காருக்கும் கடும் மோதல் எழுந்த காலம் அது. தந்தை கையில் போலீஸ் இலாகா. மகனும் மகளும் போலீஸ் தேடும் கட்சியில்! 1948-ல் அவர் மந்திரி பதவியை விட்டார். 1949-ல் இந்தோனேஷியாவுக்குத் தூதராகச் சென்றார்.

மோதல் எவ்வளவு கொடுமையாக முடிந்தது என்பதைச் சேலம் அறியும். 1950 பிப்ரவரி 11-ந் தேதி சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மலபார் உழவர்கள். கேம்பிரிட்ஜில் மேடையில் பேசிய அதே கொள்கைக்காகத்தான் இவர்களும் சிறைக்கு வந்தார்கள். ஆனால் இவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. பெரிய இடத்து உறவு கிடையாது.

இதற்குள் ஜமீனே போய்விட்டது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. குடியானவர்கள் சர்க்காருக்கு நேராக வரி கட்டலானார்கள். பயிரிட்ட நிலத்துக்குப் பட்டா கிடைத்தது. ஏணியின் உச்சிப் படி முறிந்தது. ஆனால் நிலமே இல்லாத பண்ணையாளுக்கு அந்தச் சட்டம் ஒரு குழி நிலம்கூடத் தரவில்லை. கடனுக்காக ஆளை அடிமை கொள்ளும் முறை ஒழிய 1976-ல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது.

பார்வதி தொழிற்சங்க வேலையில் இறங்கினார். கோவை ஆலைத் தொழிலாளர், நீலகிரி தேயிலைத் தோட்டத் தொழிலாளர் மத்தியில் உழைத்தார். மூன்று முறை கோவையில் இருந்து லோக்சபைக்குப் போனார். 2014-ல், தமது 94-வது வயதில் காலமானார்.

1966-ல் அண்ணன் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார். அதே ஆண்டில் மோகன் சென்னை சர்க்காரின் அட்வகேட் ஜெனரல் ஆனார். பிறகு மோகன் காங்கிரசுக்கு வந்தார். 1971-ல் மத்திய உருக்கு, சுரங்க மந்திரி ஆனார். நிலக்கரிச் சுரங்கங்களைத் தனியார் கையில் இருந்து சர்க்கார் கைக்கு மாற்றியது அவர் மந்திரியாக இருந்தபோதுதான். சேலம் உருக்காலைக்கான கம்பெனி 1972-ல் அமைந்ததும் அவர் காலத்தில்தான். ஆலை ஓடத் தொடங்கியதைப் பார்க்க அவர் இல்லை. 1973 மே 31-ந் தேதி, டெல்லி அருகே நடந்த விமான விபத்தில் மாண்டார். வயது 56.

ஆடு மேய்த்த பிள்ளை

ஜமீன் பிள்ளைகள் ஏணியின் உச்சியில் இருந்து தாமாக இறங்கி வந்தார்கள். அது பெரிய காரியம்தான். ஆனால் இறங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அடிப்படியில் பிறந்த பிள்ளைக்கு என்ன உரிமை இருந்தது?

அந்தக் கதையைச் சொன்னவரும் இதே திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர்தான். பெருமாள்முருகன், 1966-ல் பிறந்தவர். தந்தை சினிமாக் கொட்டகையில் சோடாக் கடை நடத்தியவர். பிள்ளை பள்ளிக்கூடம் போனான். படித்தான். கல்லூரியில் தமிழ் ஆசிரியர் ஆனான். ஊர் அறிய, உலகம் அறிய எழுதினான்.

2000-ல் அவர் எழுதி வெளிவந்த நாவல் "கூளமாதாரி". அதில் வரும் கூளையன் அருந்ததியர் வீட்டுச் சிறுவன். பண்ணையில் ஆடு மேய்க்க விடப்பட்டவன். விடிந்தால் பட்டி, பொழுது போனால் பட்டி. பண்ணைக்காரர் மகன் செல்வனும் அவனும் ஒன்றாக விளையாடுகிறார்கள். ஒன்றாக ஓடுகிறார்கள். ஆனால் ஒருவன் பள்ளிக்கூடம் போகிறான். மற்றவன் ஆட்டின் பின்னே போகிறான். ஒருமுறை தேங்காய் திருடியதற்காகக் கூளையனைக் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். வளர வளர, நட்பின் நடுவே ஒரு கோடு இருப்பது இருவருக்கும் தெரிகிறது. அந்தக் கோட்டை இருவரும் கிழிக்கவில்லை. அவர்கள் பிறக்கும் முன்பே யாரோ கிழித்து வைத்தது.

ஈட்டன் தெருவில் வால் கோட்டுப் பையனும் கடைப் பையனும் எதிர்ப்பட்டபோது நடுவே இருந்ததும் இதே கோடுதான். நாடு வேறு, நிறம் வேறு. கோடு ஒன்று.

எந்தப் படியில் பிறப்பது என்பது பிள்ளையின் கையில் இல்லை. கோட்டைக் கண்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் அவன் கையில் உள்ளது. குமாரமங்கலத்துப் பிள்ளைகள் அதைச் சீமையில் கண்டார்கள். ஆளுக்கு ஒரு வழி போனார்கள். சோடாக் கடைக்காரர் மகன் அதை உள்ளூரிலேயே கண்டார்; எழுதி வைத்தார். கூளையனுக்குக் கோடு நன்றாகவே தெரிந்தது. தாண்டத்தான் வழி இல்லை. அந்த வழிக்கு ஒரு பெயர் உண்டு. மங்களூர் ரங்கராவ் 1897-க்கு முன்பே அதைக் கண்டுபிடித்துக் கதவு திறந்து வைத்தார். அதன் பெயர் பள்ளிக்கூடம்.